நின்ற காருக்குக் காரணம் காணாமல் பாகம் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனகாலம் நிறுத்தி வைத்த காரை மறுபடி ஓட வைக்கப் போய்ப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிற எங்கள் ஊர்க்காரருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து உவர்மலை வரைக்கும், அந்தப் பக்கம் பாலையூற்று, கன்னியா என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள், எத்தனை வீட்டுத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு கார் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது என்று தெரியும். பிள்ளைகள் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது, தகப்பனுக்குக் கண்பார்வை குறைந்து ஓட்டாமல் விட்டது, 2022 இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், அதுவும் வரிசையில் நின்றும் கிடைக்காமல், இனி மோட்டார் சைக்கிளே போதும் என்று ஓரங்கட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்ந்து வந்த விலைக்குச் சாதாரண சம்பளக்காரர் கிட்டப் போக முடியவில்லை. அதனால் கொட்டிலில் நிற்கிற கார் இப்போது எல்லார் கண்ணிலும் படுகிறது. புதுப் பற்றரி வாங்கிப் போடுகிறார்கள், கானில் கொண்டுவந்து பெற்றோல் ஊற்றுகிறார்கள், ஸ்டார்ட் ஆகிறது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த கிழமை அந்தக் கார் கராஜில் நிற்கிறது, என்ன பழுது என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஓடி ஓடித் தேய்ந்த காரில் வருகிற பழுது வேறு, நின்று நின்று வருகிற பழுது வேறு. நின்ற காரில் எந்தப் பாகம் தேய்ந்தது என்று தேடினால் கிடைக்காது. நின்ற காலத்தில் எது காய்ந்தது, எது துருப்பிடித்தது, எது அடைத்தது, எதை எலி கடித்தது என்று தேட வேண்டும். அதைத் தேடாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது வைத்தியம் இல்லை, ஊகம். அந்த ஊகத்துக்குக் காசு கட்டுகிறவர் காரின் சொந்தக்காரர்.

எங்கள் வீட்டு விசயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மச்சான் குடும்பத்தோடு கனடா போனபோது விட்டுப்போன நிசான் சன்னி, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற கார்பரேற்றர் வைத்த பழைய மொடல். பழைய பெற்றோலை இறக்கினோம், ஓயில் மாற்றினோம், பற்றரி போட்டோம். டவுனுக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. கடைக்குப் போய் வரலாம், கோயிலுக்குப் போய் வரலாம். நிலாவெளிப் பக்கம் ஒரே இழுவையாகப் போனால் மட்டும், சாம்பல்தீவைத் தாண்டும்போது விக்கத் தொடங்கும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க இழுவை குறையும், இரண்டு தரம் குலுக்கும், நின்றுவிடும். வெயிலில் இறங்கி நின்று, போனற்றைத் திறந்து நாலு இடத்தைத் தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். திரும்பக் கொஞ்சத் தூரம் ஓடும், திரும்ப அதே கதை.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் பிளக்கும் பிளக் வயரும் மாற்றினார்கள். பிறகு பிளக்குக்கு மின்னைக் கூட்டிக் கொடுக்கிற கொயில். பிறகு பெற்றோல் பம்ப். பிறகு கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிற் போட்டார்கள். ஒவ்வொன்றும் மாற்றின பிறகு "சரி, பிடிச்சிட்டம்" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார்கள், எடுத்து வந்து டவுனுக்குள் ஓட்டினால் உண்மையிலேயே பிடித்துவிட்டதுபோலத்தான் இருக்கும். நிலாவெளிக்குப் போனால் நின்றுவிடும். கடைசியில் எஞ்சினை இறக்கிப் பார்க்க வேணும் என்றார்கள், அந்த இடத்தில்தான் போதும் என்று காரை எடுத்து வந்தோம். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றின பாகமெல்லாம் புதுசுதான், வேலையும் சுத்தம். ஆனால் ஒரு பாகத்தையாவது மாற்ற முதல் "இது பழுது" என்று காட்டுகிற ஒரு சோதனை கூட அங்கே நடக்கவில்லை, அதுதான் என் குறை.

பழுதைக் காட்டித் தந்தவர் மெக்கானிக்கே இல்லை. வழமைபோலக் கார் நின்றபோது மோட்டார் சைக்கிளில் போன ஒரு மீனவர் நிறுத்தி, என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னோம். அவர் போனற் பக்கம் போகவே இல்லை. "ஐயா, பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கோ. எங்கட போட் எஞ்சினும் தாங்கியில காத்துத் திருகைத் திறக்காட்டி இப்பிடித்தான் கொஞ்சத் தூரம் போய் நிண்டிடும்" என்றார். மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பியதும் உஸ்ஸென்று ஒரு நீளமான சத்தம், காற்று உள்ளே போகிற சத்தம். மூடியைத் திறந்தபடியே, அதுவும் ஒரு வினாடி காத்திராமல், ஸ்டார்ட் செய்தோம், பிடித்தது. கரையில் போட் எஞ்சின் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அந்தத் தனித் தாங்கியின் மூடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், கடலுக்கு இறங்கும்போது அதைத் திறந்துவிட வேண்டும். பெற்றோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது. வாயை எடுக்காமல் பிளாஸ்ரிக் போத்தலை உறிஞ்சினால் போத்தல் ஒடுங்கித் தண்ணீர் நின்றுபோகுமே, அதேதான்.

வீட்டுக்கு வந்து தாங்கியின் காற்றுக் குழாயைத் தேடினோம். பென்சில் மொத்தத்தில் ஒரு குழாய், மூடிக் கழுத்துக்குப் பக்கத்தால் மேலே போய், சக்கரத்துக்கு மேலே உள்மடிப்புக்குள் முடிகிறது. அதன் வாயில் சாம்பல் நிறத்தில் சீமெந்து பூசினதுபோல மண். கம்பியால் மெல்லக் கிளறினால் மண் கட்டியாக உதிர்ந்தது, பின்னால் இன்னொரு மண் தட்டி, இரண்டுக்கும் நடுவில் காய்ந்துபோன குட்டிச் சிலந்திகள். குளவி கட்டின கூடு. குழாய் வடிவில் ஒரு ஓட்டையைக் கண்டால் இந்தச் சாதிக் குளவி உள்ளே சிலந்திகளைப் பிடித்து அடுக்கி, முட்டை இட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போகும். ஓடுகிற காரில் இதற்கு அவகாசம் கிடைக்காது, நிற்கிற கார் அதற்கு நல்ல வீடு. இன்னொன்றும் இருந்தது. 2022 இல் பெற்றோல் களவு போகும் என்ற பயத்தில் பழைய மூடியை எடுத்துவிட்டுக் கடையில் விற்ற பூட்டு மூடி போடப்பட்டிருந்தது. கம்பனி மூடியில் காற்றை உள்ளே விடுகிற ஒரு சின்ன வால்வ் உண்டு, இந்தப் பூட்டு மூடியில் அது இல்லை. ஆக, தாங்கி மூச்சு விடுகிற இரண்டு வழியும் அடைபட்டு இருந்திருக்கிறது. பழைய மூடியையே தேடிப் போட்டோம், குழாயைத் துப்புரவாக்கினோம், அவ்வளவுதான். இப்போது நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரை போய் வருகிறது.

குளவிக் கூட்டைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் செத்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கிற குழாய் ஒன்று அடைபட்டிருந்தது, அடைத்தது பெரும்பாலும் குளவிக் கூடாக இருக்க வேண்டும் என்பதுதான் விசாரணை வந்து சேர்ந்த முடிவு. அந்த விமானமும் அதற்கு முன் சில வாரங்கள் பறக்காமல் நின்ற, குழாய்க்கு மூடி போடாமல் விட்ட விமானம்தான்.

இந்தப் பழுதைக் கராஜில் ஏன் பிடிக்க முடியவில்லை என்பதை யோசித்தால்தான் நான் எழுதுகிற காரணம் விளங்கும். கராஜில் கார் சும்மா நின்று ஓடும், அப்போது குடிக்கிற பெற்றோல் மிகவும் குறைவு, அதனால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாக நெடுநேரம் பிடிக்கும். அதற்கிடையில் யாராவது பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார்கள், அல்லது பம்ப்பைக் கழற்றக் குழாயை இழுப்பார்கள், அந்த நேரமே காற்றுப் புகுந்து பழுது மறைந்துவிடும். டவுனுக்குள் ஓட்டினாலும் அப்படித்தான், ஐந்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நிற்கிற காருக்கு இண்டு இடுக்கால் மெல்லமெல்லக் காற்று வந்துவிடும். ஒரே இழுவையாக வேகமாகப் போகும்போது மட்டும் எஞ்சின் குடிக்கிற வேகத்துக்கு அந்தக் கசிவு காணாது. இப்போது பாருங்கள், எந்தப் பாகத்தை மாற்றினாலும் மாற்றுகிற நேரத்துக்குள் தாங்கியில் காற்று நிறைந்துவிடுகிறது, கார் நன்றாக ஓடுகிறது, புகழ் மாற்றின பாகத்துக்குப் போகிறது. கொயில் மாற்றினோம் ஓடியது, ஆகவே கொயில்தான் பழுது என்று நினைப்பது இயல்பு. ஆனால் எதையுமே மாற்றாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அது ஓடியிருக்கும்.

ஒரு தடயம் முதலிலிருந்தே கண் முன்னால் இருந்தது. தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தபோது கார் தூரம் ஓடியது, தாங்கியை நிரப்பின பிறகு சீக்கிரம் நின்றது. நிரப்பின இடத்தில் பெற்றோல் கலப்படம் என்று எல்லாரும் சொன்னார்கள், நிரப்புநிலையத்துக்காரருக்குத்தான் ஏச்சு விழுந்தது. உண்மையில் நடந்தது வேறு. தாங்கி முக்கால்வாசி காலியாக இருந்தால் உள்ளே முப்பது லீற்றர் காற்று இருக்கும், அதில் ஒரு லீற்றர் பெற்றோல் வெளியே போனால் அழுத்தம் பெரிதாகக் குறையாது. தாங்கி நிறைந்திருந்தால் மேலே இருக்கிற காற்று இரண்டு மூன்று லீற்றர்தான், அதே ஒரு லீற்றர் போனால் அழுத்தம் சட்டென்று விழும். பெற்றோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டினாலும் வித்தியாசம் பெரிசு. பள்ளிக்கூடத்தில் பொயிலின் விதி என்று படித்ததுதான். "எப்போது நிற்கிறது, எவ்வளவு ஓடினபின் நிற்கிறது, நிரப்பினால் கூடுகிறதா குறைகிறதா" என்று ஒரு மெக்கானிக் சொந்தக்காரரை இருத்தி வைத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்பதற்குக் காசு செலவாவதில்லை.

கார் எப்படி நின்றது என்பதும் ஒரு பெரிய சாட்சி. சாவியைத் திருப்பி நிற்பாட்டியதுபோல டக்கென்று நின்றால் பெரும்பாலும் மின் பக்கம்: சூடேறினால் வேலை செய்யாத கொயில், உள்ளே ஒடிந்த வயர், தளர்ந்த தொடுப்பு. விக்கி, குலுக்கி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். எல்லா நேரமும் இது பொருந்தும் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பார்ப்பதும் நின்ற இடத்திலேயே, நின்ற அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். கட்டி இழுத்துக் கராஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடும் ஆறிவிடும், வெற்றிடமும் போய்விடும், சாட்சி எல்லாம் அழிந்துவிடும். நின்றவுடன் கண்ணாடிப் பில்டருக்குள் பெற்றோல் இருக்கிறதா என்று பாருங்கள். தாங்கி மூடியைத் திறந்து காது கொடுங்கள். டைமிங் லைற் (பிளக் வயரில் மின் போகும்போதெல்லாம் மின்னுகிற விளக்கு) வைத்திருக்கிறவர் அதைப் பிளக் வயரில் கொழுவி, ஸ்டார்டர் சுற்றும்போது மின்னுகிறதா என்று பார்க்கலாம்.

தாங்கி அடைபடாவிட்டாலும் பெற்றோல் பக்கம்தான் நின்ற காரில் முதல் சந்தேகம். பெற்றோல் சில மாதத்திலேயே குணம் மாறத் தொடங்கும். எளிதில் தீப்பற்றுகிற லேசான பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சினது காற்றோடு சேர்ந்து பிசினாகும். மூடியைத் திறந்தால் பெற்றோல் மணம் வராமல் பழைய வார்னிஷ் மணம் வந்தால் அதை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டாம், முழுவதையும் இறக்கிவிடுங்கள். புதுப் பெற்றோல் கலந்து சமாளிக்கலாம் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். இறக்கும்போது ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். அடியில் தண்ணீர் தனியாக ஒரு கோடு போட்டு நிற்கும், அதற்குக் கீழே துரு செந்தூளாகப் படியும். பாதி நிறைந்த தாங்கி எங்கள் மாரிகாலத்து ஈரத்தில் நின்றால் இது வரத்தான் செய்யும். தாங்கிக்குள் துரு உதிர்ந்திருந்தால் அதுவும் மேலே சொன்ன பழுதைப்போலவே நடிக்கும்: ஓடும்போது துரு இழுபட்டு உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும், நின்றால் விழுந்துவிடும், திரும்ப ஸ்டார்ட் ஆகும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மூடிதான். மூடியைத் திறந்து வைத்து மெதுவாகக் கொஞ்சத் தூரம் ஓட்டியும் நின்றால், துருவைத் தேடுங்கள். கார்பரேற்றருக்குள், எஞ்சின் சும்மா ஓடும்போது பெற்றோல் விடுகிற மெல்லோட்ட ஜெற்றின் ஓட்டை அரை மில்லிமீற்றர் அளவுதான், ஒரு துளி பிசின் போதும். காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எங்கள் ஊருக்கென்றே உள்ள வியாதி, உப்புக்காற்று. மூன்று பக்கமும் கடல் வைத்துக்கொண்டு இதைப் பேசாமல் விட முடியாது. பற்றரியின் நெகற்றிவ் பக்கத்திலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகிற ஏர்த் வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், போல்ற்றைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஏர்த் சரியில்லாத கார் ஒரு நாளைக்கு ஒரு குணம் காட்டும்: லைற் மங்கும், மீற்றர் முள்ளு ஆடும், ஸ்டார்டர் சோம்பும், பற்றரி பழுது என்பார்கள், புதுப் பற்றரி போட்டாலும் அப்படியே. இதற்கு மலிவான ஒரு மல்ரிமீற்றர் போதும். ஓய்ந்து நிற்கிற நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14. பிறகு ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவ் தலையிலும் மற்ற முனையை எஞ்சின் பிளொக்கின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது, கழற்றி உரஞ்சிப் போடுங்கள். இதைப் பார்க்காமல் ஸ்டார்டரைக் கழற்றி வைண்டிங் செய்யக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், மனம் பொறுக்கவில்லை.

எலியும் அணிலும் தனிக் கதை. எயார் பில்டர் பெட்டியைத் திறந்தால் தும்பும் சீற் பஞ்சும் நிறைய இருக்கும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வயர் கட்டைத் தடவிப் பார்த்தால் கடித்த இடம் கையில் தட்டுப்படும். சைலன்சரும் அடைபட்டிருக்கலாம், அதன் வாயில் கையை வைத்துப் புகை விசையாக வருகிறதா என்றும் பாருங்கள்.

ஈ.எஃப்.ஐ. கார், அதாவது கார்பரேற்றர் இல்லாமல் கணினி சொல்கிறபடி இன்ஜெக்ரர் பெற்றோலைப் பீச்சுகிற கார், வைத்திருக்கிறவர்கள் இது பழைய காருக்குச் சொன்னது என்று நினைக்கக் கூடாது. சாவியை ஒன் செய்ததும் பின் சீற்றுக்கு அடியில் பம்ப் இரண்டு வினாடி முனகும், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள். ஸ்கானரைக் கொழுவினதும் வருகிற பழுதுக் குறியீட்டைப் பார்த்துச் சென்சர் மாற்றுவதுதான் இப்போது புது வழக்கமாகியிருக்கிறது. பி 0171 என்று வந்தால் எஞ்சினுக்குப் போகிற காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் போகவில்லை என்று அர்த்தம், புகையில் ஒக்சிஜனை அளக்கிற ஒக்சிஜன் சென்சர் பழுது என்று அர்த்தமில்லை. அந்தச் சென்சர் உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றி எறிகிறார்கள். அடைபட்ட இன்ஜெக்ரர், பெலவீனமான பம்ப், வெடித்த வக்கியூம் குழாய் எல்லாமே அதே குறியீட்டைத்தான் தரும், நின்ற காரில் இந்த மூன்றுக்கும் வாய்ப்பு அதிகம்.

ஸ்டார்ட் அடிக்க முதலே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அவசரத்தில் எல்லாரும் விடுகிறார்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஓயில் விட்டு ஒரு இரவு வையுங்கள், அடுத்த நாள் எஞ்சினின் முன் கப்பியில் (பெல்ற் ஓடுகிற சக்கரத்தில்) ஸ்பெனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்ரன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், காய்ந்த சுவரில் ஸ்டார்டர் இழுத்த இழுவைக்குக் கீறிவிடும். வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற ரப்பர் டைமிங் பெல்ற் உள்ள எஞ்சின் என்றால், அதுவும் கனகாலப் பெல்ற் என்றால், சோதனை கேட்காமல் மாற்றுங்கள். அது அறுந்தால் சில எஞ்சினில் வால்வ் வளைந்து செலவு பல மடங்காகும். வெடித்த பெற்றோல் ரப்பர் குழாயும் அப்படித்தான். காரணம் கண்டுதான் மாற்ற வேண்டும் என்ற என் பேச்சுக்கு இந்த இரண்டும் விலக்கு.

இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்பரேற்றர் வாய்க்குள் போத்தலால் பெற்றோல் ஊற்றிக்கொண்டு உள்ளே ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்வதை நம் ஊரில் எல்லா இடத்திலும் காணலாம். வால்வ் ஒன்று சரியாக மூடாமல் எஞ்சின் பின்னுக்கு வெடித்தால் நெருப்பு நேரே கையிலிருக்கிற போத்தலுக்குத்தான் வரும். முகம் கருகின பிள்ளைகள் இருக்கிறார்கள். அதேபோலக் கொட்டிலைப் பூட்டி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள், புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. பெற்றோல் இறக்குவதும் வெளியில், பற்றரியைக் கழற்றிவிட்டு.

பிரேக், ரயர் பற்றிச் சுருக்கமாக. எஞ்சின் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் வீதிக்கு இறங்க வேண்டாம். பிரேக் ஓயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாமான், முழுவதையும் மாற்றுங்கள், சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் சிலிண்டர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் வருடமும்: 2317 என்றிருந்தால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. பூ தேயாமல் புதுசுபோல இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் கண்டி வீதி வெயிலில் அது நிலைக்காது.

இனி நான் கேட்பது. கராஜ் நடத்துகிறவர்களே, பில்லில் மாற்றின பாகத்தின் பெயருக்குப் பக்கத்தில் என்ன சோதனை செய்து பழுது என்று கண்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "ஏர்த் வழியில் 1.2 வோல்ற்", "பம்ப் அழுத்தம் காணாது", இவ்வளவு போதும். கழற்றின பழைய பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுங்கள். சோதித்துப் பார்த்த நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உழைப்பு. பழுதைத் தேடுவதற்குக் கூலி கொடுக்க நாங்கள் பழகாததால்தான் பாகத்தில் இலாபம் வைத்து வாழ வேண்டிய நிலைமை மெக்கானிக்குகளுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரை நாள் செலவழித்து ஒரு குளவிக் கூட்டைக் கண்டுபிடித்தவருக்கு "சும்மா மண்ணைத் தட்டினதுக்கு இவ்வளவா" என்று கேட்கிற ஊரில் யார் தேடுவார்?

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பாவின் கார் பழுது என்று போன் வந்ததும் காசை அனுப்பிவிட்டு விடாதீர்கள். எப்படி நின்றது, எவ்வளவு ஓடி நின்றது, தாங்கியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள், முடிந்தால் நிற்கிற நேரத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வீடியோவை மெக்கானிக்குக்குக் காட்டினால் அவருக்கும் உதவி.

திருகோணமலை தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகள் இந்த வேலைக்கு நல்ல பொருத்தம். மீற்றரும் அழுத்தமானியும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பாகம் எதுவும் விற்காமல், பழுதை மட்டும் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குகிற ஒரு பிள்ளை இந்த ஊரில் இருந்தால் வேலைக்குக் குறைவே வராது. நான் முதல் ஆளாகக் கூப்பிடுவேன்.

இதில் நான் எழுதினதற்கு மாறாகச் சொல்ல விரும்புகிற மெக்கானிக்குகள் இருந்தால் அவர்கள் கடிதத்தையும் தயவு செய்து போடுங்கள், ஆசிரியரே. குறிப்பாக, கனகாலம் நின்ற கைப்ரிட் கார்களின் பெரிய பற்றரி விசயத்தில் என்ன செய்வது என்று கைவேலை தெரிந்த ஒருவர் எழுதினால் பலருக்கு உதவும். அந்தக் கார்களும் இப்போது கொட்டிலில் நிற்கத் தொடங்கிவிட்டன.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்
திருகோணமலை